கெர்தாக் சங்குலில் பகல் உணவு

தம்பி,

உன் கடிதம் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கிடைக்கும் முதல் விடுமுறையில் நீயும் வசந்தியும் கோலாலம்பூரிலிருந்து காரிலேயே வருவதாகவும், தீவைக் கடலோரமாக ஒரு சுற்று சுற்றிப் பார்க்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். எங்கெங்கே நிற்கலாம், எங்கே சாப்பிடலாம், எத்தனை மணிக்கு எங்கே இருந்தால் படம் பிடிக்க வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று நான் ஒரு பட்டியல் போட்டு வைக்க வேண்டும், பின் சீட்டில் எனக்கும் இடம் உண்டு என்றும் எழுதியிருந்தாய். "இந்த ரோட்டை உங்களைவிடத் தெரிந்தவர் யார் அப்பா" என்று முடிவில் ஒரு வரி. ஆளைக் குளிர வைத்து வேலை வாங்குவது உன் அம்மாவிடமிருந்து வந்த குணம். பலித்தது. அன்று பிற்பகலே காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு நம் வீட்டிலிருந்து கிளம்புங்கள். உன்னுடைய ஏழு மணி எட்டேகாலுக்குத்தான் அடிக்கும் என்பது நான் அறிந்ததுதான். ஆனாலும் முயற்சி செய். முதலில் வடக்கே போக வேண்டும். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. தஞ்சோங் புங்காவில் இறங்கிக் கடலைப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும். பத்து பெரிங்கியில் பாறைகளுக்கு நடுவே ஆழமில்லாத இடம் உண்டு, வசந்தி பயமில்லாமல் காலை நனைக்கலாம். தெலுக் பஹாங்கில் மீன்பிடிப் படகுகள் திரும்பும் நேரம் பார்த்துப் பசியாறுங்கள். அதற்கு மேல் ரோடு கடலை விட்டு மலையேறுகிறது. வளைவுக்கு மேல் வளைவு. வசந்திக்குத் தலை சுற்றும் என்று நீ சொன்னதாக நினைவு. டவுனிலேயே ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் குமட்டல் நிற்கும். தித்தி கெராவாங்கில் அருவித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு பாலிக் புலாவுக்கு இறங்கினால் பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அங்கே காலாற நடந்துவிட்டு மறுபடியும் ஒரு மலையைத் தாண்டினால் தெலுக் கும்பார், தெற்குக் கடல். இதுவரை தங்குதடையில்லாமல் எழுதினேன். அடுத்தது பகல் உணவு. அங்கே கை நின்றுவிட்டது.

தெலுக் கும்பாரிலிருந்து மேற்கே ஒரு கிளைப் பாதை பிரிந்து கடலோரமாகவே போய் கெர்தாக் சங்குலில் முடிகிறது. அதற்கு அப்பால் ரோடு இல்லை. பகலில் சாப்பிட்டு இளைப்பாற இந்தத் தீவில் அதைவிட நல்ல இடம் இல்லை. இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. அதிகாரபூர்வமாக எழுதிக் கொடுத்து, பாராட்டும் வாங்கிய விஷயம். அங்கேதான் பாக்கியம் இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி கருவாட்டுப் பொட்டலத்தோடு நம் வீட்டுக்கு வருகிற, நீ பாக்கியம் அத்தை என்று கூப்பிடுகிற அதே பாக்கியம். அவருடைய கணவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும், மீதி தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாள். பாக்கியத்துக்கும் தெரியாது என்றுதான் போன வாரம் வரை நம்பியிருந்தேன். உன் பின் சீட்டில் உட்கார்ந்து வந்து அந்த வாசலில் நான் இறங்கலாமா கூடாதா என்பது தீராமல் உன் பட்டியலை முடிக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமான கடிதம். கல்யாணம் ஆனவன், இனி உனக்கும் சொல்ல முடியாத விஷயங்கள் வரும். ஒரே இருப்பில் படித்துவிடு.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே நான் ரோட்டு இலாகாவில் கணக்கெழுதும் கிராணி. யாழ்ப்பாணத்தார் நமக்கு அந்தக் காலத்தில் வேறென்ன வேலை? எழுத்து அழகாக இருக்க வேண்டும், கூட்டல் கழித்தல் பிசகக் கூடாது, சொன்னதைச் சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும். வெள்ளைக்கார எஞ்சினியரோடு தீவு முழுக்கப் போய் மதகு மதகாக அளந்திருக்கிறேன். எந்த மைல் கல்லில் நிழல் உண்டு, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த எஞ்சினியர் எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட, இந்த இடம் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நானும் எதிர்பார்த்ததில்லை. பிறகு அவர் போனார், ஜப்பானிய அதிகாரி ஒருவர் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் அதே மேசைகளில் இருந்தோம். கடிகாரத்தை மட்டும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்தோம். உச்சி வெயில் இரண்டு மணிக்கு மேல் அடித்தது. அரிசி குறைந்து, மரவள்ளிக் கிழங்கே சோறாக இருந்தது. நீ அப்போது நடை பழகாத பிள்ளை.

கெர்தாக் சங்குல் பாதையைப் பார்த்துக்கொண்ட ரோட்டுக் கூலிகளை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர் முத்துசாமி அண்ணன். பாக்கியத்தின் கணவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கூலிகள் குடியிருக்கக் கூரை வேய்ந்த லயன் ஒன்று, ஒரு கிணறு, பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று, முன்னால் கடல். அவ்வளவுதான் இடம். வாரம் ஒரு தடவை வேலைச் சீட்டு கொடுக்க நான் போவேன். சாப்பிடாமல் விட மாட்டார்கள். பதிவேட்டில் அங்கே அவரையும் சேர்த்து ஐந்து ஆட்கள். ஆனால் அந்த வருடம் லயனில் பதினான்கு ஆண்கள் இருந்தார்கள். சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடிக்கும் லாரிகள் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்த சமயம் அது. முத்துசாமி அண்ணனின் தம்பியும் இன்னும் எட்டுப் பேரும் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தப்பி, சம்பான் படகில் கடல் தாண்டி அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். ரோடு முடிகிற இடம் என்பதால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த விஷயம் அலுவலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுவரைக்கும் நான் நல்லவன்.

ஒரு நாள் அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். தைப்பிங்கிலிருந்து அவருக்கு மேலான ஒருவர் விருந்தாளியாக வருகிறார். இரண்டு கார். தீவைக் கடலோரமாகச் சுற்றிக் காட்ட வேண்டும். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எங்கே உண்பது, எல்லாம் நேரத்தோடு எழுதி வரைபடமும் போட்டுக் கொண்டு வா என்றார். தைவானிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நீ இன்று என்னிடம் கேட்டிருப்பது ஏறக்குறைய அதேதான். தம்பி, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஊர் பட்டினி கிடந்த காலம் அது. காவல்காரனைக் கண்டால் குனிந்து வணங்காமல் போக முடியாத காலம். ஆனால் எது அழகான இடம் என்று என்னை ஒருவர் கேட்டுவிட்டார். இரண்டு நாள் அதே வேலையாக இருந்தேன். தோக்கியோ நேரத்துக்கும் சூரியனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எந்தக் கடற்கரையில் எப்போது வெயில் முகத்தில் அடிக்காது என்று பார்த்து எழுதினேன். கோடு பிசகாமல் வரைபடம் போட்டேன்.

பகல் உணவுக்கு கெர்தாக் சங்குல் என்று எழுதினேன். வேறு இடமே எனக்குத் தோன்றவில்லை. நம்மவர்கள் பயணம் கிளம்பினால் முதலில் கேட்பது போகும் வழியில் யார் வீடு இருக்கிறது என்பதைத்தான். தெரிந்தவர் வீட்டில் இறங்குவதுதான் நமக்கு மரியாதை, கடையில் சாப்பிடுவது கதியற்றவன் செய்யும் காரியம். அந்தப் பழக்கத்தில் துரைமாருக்கும் அப்படியே எழுதிவிட்டேன். கூடவே எனக்கொரு யோசனையும் வந்தது. வெறும் யோசனை அல்ல, கெட்டிக்காரத்தனம். ஒளிந்திருக்கும் ஒன்பது பேரையும் ரோட்டு வேலைக்காரர்கள் போலச் சுத்தமாக வரிசையில் நிறுத்திக் காட்டிவிட்டால், நல்ல ஆட்கள் என்று அதிகாரி தன் வாயாலேயே பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிவிடுவார், அரிசிப் பங்கீடு கிடைக்கும், ஒளிய வேண்டியதும் இல்லை. தோட்டங்களில் துரை வந்தால் ஆட்களைப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்துவது வழக்கம்தானே. அதையே இங்கும் செய்தால் போயிற்று என்று நினைத்தேன்.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாருங்கோ, ஒளிச்சிருக்கிற சனத்தை வெளிச்சத்தில கொண்டு போய் நிப்பாட்டுற ஆள் நீங்கள் ஒருத்தர்தான்" என்றாள். அவளுக்கு உத்தியோக விஷயம் தெரியாது என்றேன். வேலைச் சீட்டோடு போய்ச் சொன்னபோது முத்துசாமி அண்ணனும் தயங்கினார்.

"சாப்பாடு போடுறது பெரிசில்ல கிராணி ஐயா. மீனு இருக்கு, எளநி இருக்கு. ஆளுங்களக் காட்டணுமா? அன்னைக்கி ஒரு நாளு காட்டுக்குள்ள போயிட்டு வரட்டுமே லா."

"அண்ணே, எத்தனை நாளைக்கு இவங்கள் காட்டுக்குள்ள ஓடுவாங்கள்? பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நிறுத்துங்கோ. நல்லாக் குளிச்சு, தோய்ச்ச உடுப்போட நிக்கட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீங்க சொன்னாச் சரி" என்றார் அவர். எட்டு வயது மூத்தவர், வேலையில் என்னைவிட அனுபவசாலி. நான் கிராணி என்பதால் என் பேச்சை எடுத்துக்கொண்டார். நாலு எழுத்துப் படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை உன் மேலும் வைக்கப்படும், தம்பி, நீ கேட்காமலேயே. அப்போது எதிரே நிற்பவர் ஒரு தடவை தயங்கினால் இரண்டு தடவை கேட்டுக்கொள்.

பயணம் நான் எழுதியபடியே நிமிடம் தவறாமல் நடந்தது. நான் இரண்டாவது காரில் சாமான்களோடு உட்கார்ந்திருந்தேன். பத்து பெரிங்கியில் அதிகாரி சட்டையைக் கழற்றிவிட்டுக் குளித்தார். அருவியில் எல்லோரும் படம் பிடித்துக்கொண்டார்கள். கெர்தாக் சங்குலில் கார் நின்றபோது மரத்தடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். பாக்கியம் காரம் குறைத்து மீன் வறுத்திருந்தார். பதினான்கு பேரும் கிணற்றடியில் வரிசையாக நின்றார்கள். கோணிச் சாக்கை உடுத்துத் திரிந்தவர்கள் அன்று எங்கிருந்தோ வெள்ளை வேட்டி தேடிக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் குனிந்து வணங்கினார்கள். அதிகாரி சாப்பிட்டுக்கொண்டே கடலைப் பார்த்து ஏதோ சொன்னார். "உனக்கு நல்ல கண் இருக்கிறது என்கிறார்" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அந்த வாக்கியத்தைப் பல நாள் வைத்துச் சுவைத்தேன்.

விருந்தாளி அதிகம் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வரிசைப் பக்கம் நடந்தார். ஆளுக்கு ஆள் நின்று விரலால் எண்ணினார். உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். முத்துசாமி அண்ணனின் தம்பியின் தோளை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அப்போது முத்துசாமி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதைச் சந்தோஷப் பார்வை என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தேன். என் கெட்டிக்காரத்தனம் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கார்கள் திரும்பும்போது பாக்கியம் ஓடி வந்து மிச்ச மீனை இலையில் கட்டி உன் அம்மாவுக்கென்று கொடுத்தார்.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். யாருக்கும் நேரக்கூடியது என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முடியும், பல வருடம் அப்படித் தேற்றிக்கொண்டும் இருந்தேன். இனிச் சொல்லப்போவதற்கு அந்தத் தேறுதல் கிடையாது. பன்னிரண்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமை என் காகிதம் என் மேசைக்குத் திரும்பி வந்தது. கெர்தாக் சங்குலைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். பக்கத்தில் அவர்கள் எழுத்தில் ஒரு எண். இன்னொரு பிரதி எடுத்துக் கொடு என்றார்கள். இது என்ன எண் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். "பதினான்கு. வெள்ளிக்கிழமை காலையில் லாரி போகிறது, சயாமுக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் சிநேகிதர்கள் இல்லையா?" என்று கேட்டார். அவர் அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்று இப்போது புரிகிறது. நான் சொன்ன பதில் இது: "இல்லை, வெறும் ரோட்டு ஆட்கள்." பிரதி எடுத்துக் கொடுத்தேன். கோடு பிசகாமல்தான் எடுத்தேன்.

புதன் பிற்பகல் தொடங்கி வெள்ளி விடியும் வரை எனக்கு நேரம் இருந்தது. என்னிடம் சைக்கிள் இருந்தது. பதினாறு மைல். வேலைச் சீட்டு கொடுக்கப் போகிறேன் என்றால் எந்தக் காவலும் என்னை மறிக்காது, வாராவாரம் போகிறவன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினான்கு பேரும் காட்டுக்குள் போயிருப்பார்கள். நான் போகவில்லை. ஆட்கள் மறைந்துவிட்டால் யார் சொன்னது என்று தேடுவார்கள், தெரிந்தவர்கள் மொழிபெயர்ப்பாளரும் நானும் இரண்டே பேர் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை அலுவலகம் போய் மதகுப் படம் ஒன்று வரைந்தேன். அன்று உனக்கு லேசான காய்ச்சல். பிள்ளைக்குக் காய்ச்சல், விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் அம்மா சுக்குத் தண்ணீர் கொடுத்து, மாலைக்குள் நீ எழுந்து உட்கார்ந்து விளையாடினாய். அந்தப் பழியை இத்தனை வருடமும் உன் தலையில்தான் வைத்திருந்தேன். இப்போது எடுத்துக்கொள்கிறேன். நீ காரணமில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை லாரி போயிற்று. சனிக்கிழமை அலுவலகத்துக்கு வந்த இன்னொரு மண்டோர், கெர்தாக் சங்குலில் ஆண் வாசனையே இல்லை என்று சொன்னார். கேட்டுக்கொண்டு பேனாவுக்கு மை ஊற்றினேன். இரண்டு மாதம் கழித்துப் பாக்கியம் நடந்தே டவுனுக்கு வந்தார். "அவரு எங்க இருக்காருன்னு கேட்டு ஒரு மனு எழுதிக் குடுங்க கிராணி ஐயா" என்றார். எழுதினேன். மொத்தம் மூன்று மனு. ஒவ்வொன்றும் அழகான எழுத்தில், பணிவான வார்த்தைகளில். நான் எழுதும்போது எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். யுத்தம் முடிந்து மூன்று பேர் திரும்பினார்கள். மழைக்காலத்தில் முகாமில் பரவிய வாந்திபேதியில் முத்துசாமி அண்ணன் போய்விட்டார் என்றும், அவர் தம்பி அதற்கு முன்பே போய்விட்டார் என்றும் சொன்னார்கள். பாக்கியம் அங்கேயே ஒரு மலாய்க்காரர் வீட்டில் மீன் காயப்போடும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வருடத் தீபாவளியிலிருந்து கருவாட்டோடு வரத் தொடங்கினார். உட்காருவார், டீ குடிப்பார், உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார், போவார். மனு எழுதிக் கொடுத்ததற்கு நன்றி காட்டுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும்போதெல்லாம், அடுத்த வருடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன்.

தள்ளிப் போடுவதைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். சொல்லாத விஷயம் ஒன்று வீட்டில் இருந்தால் அது ஓரமாகச் சும்மா கிடக்காது. உன் அம்மாவோடு நான் முப்பது வருடம் வாழ்ந்தேன். அதில் எத்தனை கடற்கரைக்கு அவள் கூப்பிட்டு நான் வர மறுத்திருக்கிறேன் தெரியுமா? எனக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்திருந்தேன். சாகும்வரை அவள் அதை நம்பினாள், என்னை நினைத்துக் கடற்கரைக்குப் போவதையே விட்டாள். நீயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடுதான் முதலில் கடலில் குளித்தாய். நான் செய்த ஒன்றுக்காக நீங்கள் இரண்டு பேரும் எதையோ இழந்தீர்கள் என்பது, மற்றதற்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன விஷயம். ஆனாலும் வருத்தமாக இருக்கிறது. வசந்தியிடம் எதையும் இப்படி வைத்துக்கொள்ளாதே. அன்றன்றைக்குச் சொல்லிவிடு, திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்.

பட்டியலில் கை நின்று மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, பஸ் பிடித்து தெலுக் கும்பார் போனேன். அங்கிருந்து நடந்தேன். லயன் இப்போது இல்லை. கிணற்றை மூடிவிட்டார்கள். பாக்கியம் தன் வீட்டு முன்னால் பலகைத் தட்டில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காராமலே ஆரம்பித்துவிட்டேன். காகிதத்தைப் பற்றி, வரைபடத்தைப் பற்றி, ஆட்களை நிறுத்தச் சொன்னதைப் பற்றி. அவர் மீனைத் திருப்புவதை நிறுத்தவில்லை.

"தெரியும் கிராணி ஐயா" என்றார். "லாரியில வந்தவன் கையில அந்தக் காயிதம் இருந்திச்சி. அவரு பாத்தாரு. பாக்கியம், இது கிராணி எழுத்துன்னாரு. பத்து வருசம் உங்க கையால வேலைச் சீட்டு வாங்குன மனுசன், அவருக்குத் தெரியாதா லா? நம்ம நல்லதுக்குத்தான் செஞ்சாரு, இப்படி ஆயிப்போச்சு, அவர ஒண்ணும் சொல்லாதேன்னு சொல்லிட்டுத்தான் ஏறுனாரு."

"பிறகேன் ஒரு நாளும் என்னைக் கேக்கேல்லை?" என்றேன்.

"நான் எதுக்குக் கேக்கணும்? நீங்கல்ல சொல்லணும். மனு எழுதுறப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். மூணு பேரு திரும்பி வந்தப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். தம்பியோட அம்மா செத்தப்பக்கூட வந்து உக்காந்திருந்தேன். வருசா வருசம் டீயக் குடிச்சிட்டுப் போனேன்." பிறகு கொஞ்சம் சிரித்தார். "போவட்டும், இப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களே. உக்காருங்க."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். உட்கார்ந்து டீ குடித்திருக்கலாம். முத்துசாமி அண்ணன் மன்னித்துவிட்டார், பாக்கியம் சிரித்துவிட்டார், உன் காரில் நானும் வந்து இறங்கியிருக்கலாம். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் மன்னித்தது என் முட்டாள்தனத்தை. புதன்கிழமையை அவர்களுக்குத் தெரியாது. நின்றபடியே அதையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

பாக்கியம் கை ஓய்ந்து நின்றார். "பொதன்கெழமையேவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வியாழக்கெழம எங்க இருந்தீங்க?" வீட்டில் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் வெயிலில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிழல் என் காலடியிலிருந்து தட்டு வரை நகர்ந்திருந்தது. வெளியே வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார்.

"தம்பி கல்யாணம் கட்டி இன்னும் இந்தப் பக்கம் வரல. எப்ப வர்றாரு?"

அடுத்த மாதம் என்றேன், தீவைச் சுற்றப் போகிறார்கள் என்றும் சொன்னேன்.

"தம்பியையும் மருமகளையும் வரச் சொல்லுங்க. சோறு போடுறேன். அந்தப் புள்ளய நான் மடியில வச்சிருந்தவ. நீங்க வர வேணாம். தீவாளிக்கி நானும் அங்க வர மாட்டேன். கருவாடு வேணும்னா தம்பிகிட்ட குடுத்து விடுறேன்."

சரி என்றேன். பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வந்தேன். அவர் என்னை வையவில்லை, அழவில்லை. வைதிருந்தால் தேவலை என்று தோன்றியது, ஆனால் எனக்குத் தேவலையாக இருப்பதற்காக அவர் எதையும் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே பட்டியலில் பகல் உணவுக்கு கெர்தாக் சங்குல் என்றே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டரை மணி. தெலுக் கும்பாரில் வலப்பக்கம் திரும்பிக் கடைசி வரை போனால், மீன் காயும் தட்டுகள் தெரியும் முதல் வீடு. வசந்தியைச் சாப்பாடு போதும் என்று அவசரப்பட்டுச் சொல்ல விடாதே. அங்கிருந்து பாயான் லெப்பாஸ், ஜெலுத்தோங் வழியாக இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். அந்தப் பக்கம் நிற்க வேண்டிய இடம் எதுவும் இல்லை. பின் சீட்டில் உங்கள் சாமான்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் செய். அங்கே இறங்கியதும், அவர் இலை போடுவதற்கு முன்பே, அப்பா எனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டார், புதன்கிழமையையும் எழுதிவிட்டார் என்று நீயாகவே அவரிடம் சொல்லிவிடு.

அப்பா